டைவ் பாம்பர்: பின்னிருக்கைக்காரர் ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்?

#1 அட்டைக்கப்பல்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக ஒரு டாண்ட்லெஸ் விமான மாடல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா ஓட்டிய டைவ் பாம்பர் அது, அதாவது தலைகுப்புறப் பாய்ந்து குண்டு போடும் விமானம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, 72இல் ஒரு பங்கு அளவு. பெட்டிக்குள் இரண்டு குட்டி மனிதர்கள் இருந்தார்கள். முன்னால் ஒருவரை ஒட்டி, பின்னால் ஒருவரை ஒட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, பின்னாடி இருக்கிற மாமாவைத் திருப்பி ஒட்டிட்டே" என்றாள். இல்லம்மா, அவர் அப்படித்தான் உட்காருவார் என்றேன். "அப்போ அவருக்கு எங்கே போறோம்னே தெரியாதே?"

எனக்குப் பதில் வரவில்லை. விமானிகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், 1942இல் பசிபிக்கில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே சண்டையும் ஓரளவு தெரியும். ஆனால் அந்த விமானத்துக்குள் உட்கார்ந்து தலைகுப்புற விழும்போது உண்மையில் என்னதான் நடந்தது? முக்கியமாக, அந்தப் பின்னிருக்கைக்காரருக்கு? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 கடற்காகம்

உங்கள் மகள் சரியான ஆளைத்தான் பார்த்திருக்கிறாள்.

டாண்ட்லெஸில் இரண்டு பேர். முன்னால் விமானி. பின்னால் இருப்பவருக்கு ரேடியோ, இயந்திரத் துப்பாக்கி இரண்டும் பொறுப்பு. எதிரி பெரும்பாலும் வால் பக்கமாக வருவான் என்பதால் அவர் பின்னோக்கி உட்காருவார்.

இப்போது விமானம் 15,000 அடி உயரத்தில் மூக்கைக் கவிழ்த்து 70 பாகையில் இறங்குகிறது என்று வையுங்கள். விமானிக்குக் கண்ணெதிரே கடல், நடுவில் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கப்பல், அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. பின்னால் இருப்பவரோ கிட்டத்தட்ட மல்லாக்கப் படுத்த நிலையில் இருக்கிறார். முதுகுக்குப் பின்னால் கடல், கண்முன்னே வெறும் வானம். அந்த வானத்திலிருந்து வரிசையில் அடுத்த விமானம் தன் மேலேயே விழுவதுபோல் வருவது மட்டும் தெரியும். கீழே எவ்வளவு தூரம் மிச்சம் என்று பார்க்க வழியில்லை. விமானி செத்துப்போனாரா, உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட விமானம் நிமிர்ந்தால்தான் தெரியும்.

பின்னிருக்கையிலும் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ள ஒரு கட்டுப்பாட்டுக் கம்பு வைத்திருந்தார்கள். 2,000 அடிக்குக் கீழே, அந்த வேகத்தில், பின்னோக்கி உட்கார்ந்திருக்கும் ஆள் அதை எடுத்து மாட்டி என்ன செய்ய முடியும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

நேரக் கணக்கு: டைவ் வேகம் சுமார் 240 நாட், அதாவது மணிக்கு 445 கிலோமீட்டர் போல. 15,000 அடியிலிருந்து குண்டை விடும் 2,000 அடி வரைக்கும் வர 35 விநாடி ஆகும். நம் ஊர் சிக்னலில் சிவப்பு விளக்கு மாறுவதற்குக்கூட அதைவிட நேரமாகும்.

#3 சந்தேகசாமி

ஒரு அடிப்படைக் கேள்வி. இவ்வளவு ஆபத்து எதற்கு? பத்திரமாக உயரத்தில் பறந்து பெரிய விமானத்திலிருந்து கொத்தாகக் குண்டு போட வேண்டியதுதானே?

#4 கடற்காகம்

போட்டுப் பார்த்தார்களே. மிட்வேயில் 1942 ஜூன் 4 அன்று தீவிலிருந்து பி-17 என்ற பெரிய அமெரிக்கக் குண்டுவிமானங்கள் உயரத்தில் வந்து ஜப்பானியக் கப்பல்கள்மேல் குண்டு பொழிந்தன. ஒன்றுகூடப் படவில்லை. 20,000 அடியிலிருந்து விழும் குண்டு கீழே வர அரை நிமிடத்துக்கும் மேல் ஆகும். கப்பல் தலைவன் அண்ணாந்து பார்த்து, குண்டு பிரிவதைக் கண்டதும் சுக்கானைத் திருப்பச் சொன்னால் போதும், விழும் இடத்தில் கப்பல் இருக்காது.

டைவ் பாம்பர் அந்த அவகாசத்தைத் திருடிவிடுகிறது. 2,000 அடியில் விட்ட குண்டு நாலைந்து விநாடியில் தளத்தில் இருக்கும். குண்டுக்குத் தானாகத் திரும்பத் தெரியாத காலம் அது. மனிதனே அதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

அந்த விமானத்தின் சாமான்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் இந்த ஒரு வேலைக்காகவே செய்தது என்று புரியும். இறக்கையின் பின் ஓரத்தில் மேலும் கீழுமாகப் பிளந்து திறக்கும் தட்டுகள், வேகத்தைப் பிடித்து நிறுத்த. அந்தத் தட்டுகள் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும், இட்லித் தட்டு மாதிரி. ஓட்டை இல்லாவிட்டால் காற்று சுழன்று வாலை உதறிவிடும். வயிற்றடியில் தொங்கும் குண்டை அப்படியே விட்டால் அது நேராகச் சொந்தச் சுழல்விசிறியிலேயே போய் இடிக்கும். அதனால் கவட்டை மாதிரி ஒரு சட்டம் குண்டை முன்னால் தள்ளி ஊசலாட்டி விடும்.

இத்தனை யோசித்தவர்கள் ஒன்றைக் கோட்டை விட்டார்கள். குறி பார்க்கத் தொலைநோக்கிக் குழல் ஒன்று வைத்தார்கள். குளிர்ந்த உயரத்திலிருந்து சூடான ஈரக்காற்றுக்குள் சடாரென்று இறங்கும்போது அது பனிபிடித்து மங்கிவிடும். எல்லாம் சரியாகச் செய்து, கடைசிப் பத்து விநாடியில் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை!

#5 டாக்டர்_குருவி

உடம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதனால் நான்.

இறங்குவதைவிட நிமிர்வதுதான் உடம்புக்குக் கொடுமை. குண்டை விட்டதும் கம்பை வயிற்றோடு சேர்த்து இழுக்கிறார். புவியீர்ப்பு ஐந்து, ஆறு மடங்காகிறது. 70 கிலோ மனிதன் சில விநாடிகளுக்கு 400 கிலோ. கன்னமும் கண்ணிமையும் கீழே இழுபடும், கையைத் தூக்க முடியாது. ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்குகிறது. முதலில் நிறம் போகும், எல்லாம் சாம்பலாகத் தெரியும். அப்புறம் ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும். அப்புறம் இருட்டு. கண்ணுக்கு ரத்தம் போகவில்லை, ஆனால் நினைவு இருக்கும். அதையும் தாண்டினால் நினைவும் போகும். வயிற்றுத் தசையை இறுக்கி, முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம்.

இதில் விமானிக்கு ஒரு சலுகை இருக்கிறது. எப்போது இழுக்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. பேருந்தில் ஓட்டுநர் பிரேக் போடும்போது அவர் அசையமாட்டார், நாம்தான் கம்பியில் முட்டிக்கொள்வோம். அதே கதை.

காது இன்னொரு பாடு. அரை நிமிடத்தில் 13,000 அடி இறங்கினால் காது அடைத்து வலிக்கும். சளி பிடித்திருந்தால் செவிப்பறை கிழியவே வாய்ப்புண்டு.

#6 சந்தேகசாமி

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிட்வேயில் நடந்தது பாதிக்கு மேல் அதிர்ஷ்டம். ஐந்து நிமிடத்தில் மூன்று விமானந்தாங்கிக் கப்பல் எரிந்தது என்று எல்லோரும் புல்லரிக்கிறார்கள். ஜப்பானியக் காவல் விமானங்கள் எல்லாம் தாழ்வாக இருந்த நேரம் பார்த்து இவர்கள் மேலே வந்து சேர்ந்தார்கள். அவ்வளவுதானே?

#7 கடற்காகம்

"அவ்வளவுதானே" என்பதற்குள் எத்தனை பேர் செத்தார்கள் என்று பாருங்கள் சாமி.

காவல் விமானங்கள் தாழ்வாக இருந்ததற்குக் காரணம், அதற்கு முன் டார்பிடோ விமானங்கள் கடல்மட்டத்தோடு ஒட்டி வரிசையாக வந்து செத்துக்கொண்டிருந்தன. ஹார்னெட் என்ற அமெரிக்க விமானந்தாங்கியிலிருந்து கிளம்பிய பதினைந்தும் போயின. முப்பது பேரில் ஜார்ஜ் கே என்ற ஒரே ஒருவர் தண்ணீரில் மிதந்து பிழைத்தார். அதே ஹார்னெட்டின் டைவ் பாம்பர்கள் தவறான திசையில் போய், எதிரியைப் பார்க்காமலே திரும்பின. அதிர்ஷ்டம் என்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எண்டர்பிரைஸ் என்ற இன்னொரு அமெரிக்க விமானந்தாங்கியின் விமானங்களை நடத்திப் போனவர் வேட் மெக்லஸ்கி. அவர் சண்டை விமானங்களில் ஊறியவர், டைவ் பாம்பருக்குப் புதிது. எதிரி இருக்க வேண்டிய இடத்துக்குப் போனால் வெறும் கடல். எரிபொருள் குறைந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் திரும்பிப் போயிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இன்னும் தேடினார். கீழே தனியாக ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் முழுவேகத்தில் போவது தெரிந்தது. பெயர் அராஷி. நாட்டிலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியை அமுக்கி வைக்கப் பின்தங்கி, இப்போது கூட்டத்தோடு சேர விரைந்துகொண்டிருந்தது. இவ்வளவு அவசரமாகப் போகிறதென்றால் வீட்டுக்குத்தான் போகும் என்று அது போன திசையிலேயே போனார். கப்பல்கள் கிடைத்தன.

இதற்கப்புறம் நடந்த குழப்பம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு ஸ்குவாட்ரன் (விமானக் குழு) வந்தால் முதலாவது தூரத்துக் கப்பலையும் அடுத்தது கிட்டத்துக் கப்பலையும் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். மெக்லஸ்கி கிட்டத்தில் இருந்த காகாமேல் பாய்ந்துவிட்டார். அது தனக்கானது என்று நினைத்துத் தட்டுகளைத் திறக்கப்போன ரிச்சர்ட் பெஸ்ட்டின் மூக்குக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக விமானங்கள் விழுகின்றன. அவருடைய ஸ்குவாட்ரனிலும் பெரும்பாலோர் அந்த ஓட்டத்தோடேயே போய்விட்டார்கள். பெஸ்ட் நிமிர்ந்தார். கூட இருந்தது இரண்டே விமானம். மூன்றுமாகச் சேர்ந்து அகாகியை நோக்கிப் போனார்கள். ஜப்பானிய விமானந்தாங்கிப் படையின் கொடிக்கப்பல், அதன் தலைவர் அட்மிரல் நகுமோ அதில்தான் இருக்கிறார். மூன்று குண்டில் நேராகப் பட்டது ஒன்று, பெஸ்ட்டுடையது. 1,000 பவுண்டு. விமானங்களை ஏற்றி இறக்கும் நடுத் தூக்கியின் ஓரத்தைத் துளைத்துக்கொண்டு கீழே விமானக் கொட்டகையில் வெடித்தது. ஆயுதமும் எரிபொருளும் நிறைந்த கொட்டகை. கப்பல் பிழைக்கவில்லை.

அதே நேரத்தில் யார்க்டவுன் கப்பலின் விமானங்கள் சோர்யூவின்மேல் இறங்கின. அவற்றுக்குத் தலைவர் மேக்ஸ் லெஸ்லியிடம் குண்டே இல்லை. வழியில் குண்டைத் தயார்செய்யும் மின்சார விசையைப் போட்டதும் கோளாறில் குண்டு கழன்று கடலில் விழுந்துவிட்டது. ஆனாலும் முதல் ஆளாக அவரே இறங்கினார், துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு.

#8 அட்டைக்கப்பல்

பெஸ்ட் அப்புறம் என்ன ஆனார்?

#9 கடற்காகம்

அன்று மாலையே மறுபடி கிளம்பிப் போனார். மிச்சமிருந்த ஹிர்யூவைத் தாக்கினார்கள். அதிலும் அவருடைய குண்டு பட்டதாகக் கருதப்படுகிறது. ஒரே நாளில் இரண்டு விமானந்தாங்கி. காலையில் அகாகிக்கு அவரோடு வந்த இருவரில் ஒருவரான வெபர் மாலையில் திரும்பி வரவில்லை.

அன்று காலைப் பயணத்தில் பெஸ்ட் தன் பிராணவாயு முகமூடியைச் சோதித்தபோது, அதற்குள்ளிருந்த ரசாயனம் கெட்டுப்போய் காஸ்டிக் சோடா ஆவி நெஞ்சுக்குள் போய்விட்டது. ஏதோ எரிச்சல் என்று உதறிவிட்டுப் பறந்தார். மறுநாள் இருமினால் ரத்தம். உள்ளே உறங்கிக்கொண்டிருந்த காசநோயை அது எழுப்பிவிட்டது. அதன்பின் அவர் போர் விமானம் ஓட்டவே இல்லை. மருத்துவமனை, 1944இல் உடல்நலக் காரணத்தால் ஓய்வு. 2001 வரை உயிரோடு இருந்தார்.

#10 டாக்டர்_குருவி

ஸ்ட்ரெப்டோமைசின் 1940களின் பின்பாதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அவர் படுத்திருந்த காலத்தில் சிகிச்சை என்றால் ஓய்வு, சாப்பாடு, நல்ல காற்று.

#11 பழைய_இரும்பு

ஜெர்மன் ஸ்டூகாவைச் சொல்லாமல் டைவ் பாம்பர் இழையா? கால்களில் காற்றில் சுழலும் ஊதல் மாட்டி, விழும்போது ஊளையிடுமே, அதுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கீழே இருப்பவன் குலைநடுங்க வேண்டும் என்பதற்காகவே மாட்டியது. வேகம் குறைகிறது என்று பிற்பாடு பல பிரிவுகள் கழற்றிவிட்டன.

அதில் மெச்சத்தக்கது வேறு. விமானி மயங்கிப்போனாலும் விமானம் தானாக நிமிர ஒரு பொறி வைத்திருந்தார்கள். பக்கக் கண்ணாடியில் கோணக் கோடுகள் வரைந்திருக்கும், அடிவானத்தோடு அதைப் பொருத்திப் பார்த்தால் எத்தனை பாகையில் விழுகிறோம் என்று தெரியும். தரையில் ஒரு சன்னல், இலக்கைப் பார்க்க.

இத்தனை இருந்தும் 1939 ஆகஸ்ட் 15, போர் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, நாய்ஹாம்மரில் பெரிய அதிகாரிகள் முன்னிலையில் ஒத்திகை. மேகத்துக்குக் கீழே போதுமான இடைவெளி இருக்கிறது என்று வானிலைத் தகவல். மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தால் கீழே தரையோடு பனிமூட்டம். 13 விமானம் அப்படியே மண்ணில் குத்தின. 26 பேர். ஒரு குண்டுகூட எதிரியால் சுடப்படாத நாளில்.

#12 வான்கோழி

ஸ்டூகா என்றால் ருடேல்! 2,530 தடவை சண்டைக்குப் பறந்தவர். 519 டாங்கி. மராத் என்ற சோவியத் போர்க்கப்பலையே மூழ்கடித்தவர். ஒரு காலை இழந்த பிறகும் பறந்தார். இவர்தான் உண்மையான வீரர். அமெரிக்கக்காரர்களை எல்லாம் இவர் பக்கத்தில் வைக்க முடியாது.

#13 சந்தேகசாமி

கடைசிவரை ஹிட்லரை விட்டுக்கொடுக்காத ஆள், போருக்கு அப்புறம் அர்ஜென்டினாவில் போய் உட்கார்ந்துகொண்டு தப்பியோடிய நாஜிகளுக்கு உதவிய ஆள். 519 என்பது உரிமைகோரல், எதிர்த்தரப்பில் போய் எண்ணிப் பார்த்தது யார்? அந்த மராத் கப்பலும் க்ரோன்ஷ்டாட் துறைமுகத்தில் ஆழமில்லாத தண்ணீரில்தான் உட்கார்ந்தது. மிச்சமிருந்த பீரங்கிகளை வைத்து ஜெர்மானியரையே திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தது.

#14 வான்கோழி

அரசியல் வேறு, திறமை வேறு சார். திறமையை ஒப்புக்கொள்ள மனசு வேண்டும்.

#23 நெறியாளர்

இரண்டு பேரும் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 15 முதல் 22 வரையிலான பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் எந்த அப்பாவைப் பற்றிப் பேசினாலும் கணக்கு முடக்கப்படும்.

#24 கடற்காகம்

நெறியாளர் அனுமதியோடு ஒரே ஒரு விஷயம், ஏனென்றால் இழையின் தலைப்போடு தொடர்புள்ளது. 2,530 தடவை பறந்தவர் ருடேல் என்கிறோம். பின்னால் யார்?

பல ஆண்டுகள் எர்வின் ஹென்ட்ஷெல். ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை அவரோடு பறந்தார். 1944 மார்ச்சில் எதிரிப் பகுதியில் விழுந்த சக விமானிகளை ஏற்றிவர ருடேல் தரையிறங்கினார், சக்கரம் சேற்றில் சிக்கி மறுபடி எழும்ப முடியவில்லை. எல்லோரும் ஓடி, பனிக்கட்டி மிதந்த நீஸ்டர் ஆற்றை நீந்திக் கடந்தார்கள். ஹென்ட்ஷெல் கரை சேரவில்லை.

அவருக்கு அப்புறம் பின்னிருக்கைக்கு வந்தவர் காடர்மான், அந்தப் படைப்பிரிவின் மருத்துவர். 1945 பிப்ரவரியில் குண்டடிபட்டு ருடேலின் கால் சிதைந்தபோது ரத்தத்தை நிறுத்திக் காப்பாற்றியது அவர்தான். பின்னால் டாக்டரே உட்கார்ந்திருக்கும் யோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

ருடேலின் அரசியலைப் பற்றி சந்தேகசாமி சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. அந்த மனிதரைப் பாராட்ட என் கை எழாது.

#25 மலர்விழி_கே

பெண்கள் ஓட்டிய டைவ் பாம்பர் இருந்தது தெரியுமா? சோவியத் யூனியனில் மரீனா ராஸ்கோவா என்ற புகழ்பெற்ற பெண் விமானி மூன்று பெண்கள் படைப்பிரிவுகளை உருவாக்கினார். அதில் 587ஆவது பிரிவு பெ-2 என்ற இரட்டை எஞ்சின் டைவ் பாம்பர்களை ஓட்டியது. ராஸ்கோவா 1943 ஜனவரியில் போர்முனைக்குப் போகும் வழியில் மோசமான வானிலையில் விழுந்து இறந்தார். பிரிவு தொடர்ந்து சண்டையிட்டுக் காவலர் பிரிவு என்ற கௌரவமும் பெற்றது.

பெ-2இல் கம்பை இழுக்க நல்ல பலம் வேண்டும். கிளம்பும்போது வழிகாட்டிப் பெண்ணும் கூடச் சேர்ந்து இழுப்பாள். அந்த விமானத்தில் மூன்று பேர், மூன்றாவது ஆள் பின்னால் தனியாக வேறு அறையில்.

#26 மட்டுநகரான்

எங்கட கடலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஜப்பானிய டைவ் பாம்பர்கள் தங்கள் உச்சத் திறமையைக் காட்டியது மிட்வேக்கு இரண்டு மாதம் முன்னால், இலங்கையைச் சுற்றி.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலையில் கொழும்பில் குண்டு. பிற்பகலில் தென்மேற்கே கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பிரித்தானியக் குரூசர்கள் அகப்பட்டன. எகுசா தகஷிகே என்பவர் தலைமையில் 53 டைவ் பாம்பர்கள். சூரியனுக்குள்ளிருந்து, கப்பலின் நேர் முன்பக்கமாக இறங்கினார்கள், பீரங்கிகளைத் திருப்ப வசதியில்லாத பக்கம். விட்ட குண்டில் பெரும்பகுதி பட்டது. இருபது நிமிடம்போல, இரண்டு கப்பலும் இல்லை. 424 பேர் இறந்தார்கள். மிச்சம் 1,122 பேர் எண்ணெய் படிந்த தண்ணீரில், வெயிலில், மறுநாள் வரை கிடந்தார்கள். வந்து தூக்கிய கப்பல்களில் ஒன்றின் பெயரும் எண்டர்பிரைஸ்தான், இது பிரித்தானியக் குரூசர்.

ஏப்ரல் 9, திருகோணமலையில் குண்டு. அதற்குப் பயந்து முதல் நாள் இரவே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். விமானந்தாங்கி, ஆனால் அன்று அதில் விமானம் ஒன்றும் இல்லை. திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு நேரே பிடித்துவிட்டார்கள். 85 டைவ் பாம்பர்கள். 307 பேர் இறந்தார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேர்போலக் காப்பாற்றியது, சிலர் நீந்தியே கரைக்கு வந்தார்கள்.

அம்மம்மா சொல்லுவா, கடலில் இடி முழங்கினமாதிரிக் கேட்டதாம். மழை வருகுது என்று முற்றத்தில் காயப்போட்ட நெல்லை எல்லோரும் ஓடிப்போய் அள்ளினார்களாம். வானத்தில் ஒரு முகில் இல்லையாம்.

கப்பல் இன்னும் கிடக்கிறது. ஐம்பது மீட்டருக்கும் கூடுதலான ஆழம். வெளிநாட்டுச் சுழியோடிகள் அதற்காகவே வருவார்கள்.

#27 அட்டைக்கப்பல்

மட்டுநகரான் அண்ணே, நெல்லை அள்ளிய கதைக்கு நன்றி. எங்கள் பாட்டி வேறு மாதிரி சொல்வார். அந்த ஏப்ரலில் மதராஸே காலியாகிவிட்டதாம். எழும்பூரில் ரயிலுக்குள் சன்னல் வழியாகக் குழந்தைகளைக் கொடுத்தார்களாம். கொழும்பில் விழுந்தது நமக்கும் விழும் என்ற பயம்.

அந்த எகுசா என்ன ஆனார்?

#28 மட்டுநகரான்

மிட்வேயில் சோர்யூ எரிந்தபோது அதில் இருந்தார், காயத்தோடு தப்பினார். 1944 ஜூனில் சைபான் பக்கத்தில் அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கப் போய்த் திரும்பவில்லை.

#29 கடற்காகம்

இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மிட்வேயில் மூன்று கப்பல் எரிந்த பிறகு மிச்சமிருந்த ஹிர்யூவிலிருந்து 18 டைவ் பாம்பர்கள் கொபயாஷி என்பவர் தலைமையில் யார்க்டவுனைத் தாக்கின. மூன்று குண்டு பட்டது. திரும்பி வந்தவை ஐந்து. கொபயாஷியும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் இந்துமாக்கடலில் அசைக்க ஆளில்லாமல் இருந்தவர்கள். சண்டை விமானங்களும் ராடாரும் காத்திருக்கும் இடத்துக்குள் போனபோது அதே கூட்டம் ஒரே பாய்ச்சலில் கரைந்தது.

#30 உறையூர்க்காரன்

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். நம் ஊர் சம்பந்தம் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

இந்திய விமானப்படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று திருச்சியில்தான் உருவானது. கொடுத்த விமானம் வல்ட்டி வெஞ்சன்ஸ், அமெரிக்க டைவ் பாம்பர். அதே நாளில் 7ஆம் ஸ்குவாட்ரன் விசாகப்பட்டினத்தில் உருவானது, அதற்கும் வெஞ்சன்ஸ். 8க்குத் தலைவராக இருந்த நிரஞ்சன் பிரசாத் பின்னாளில் தரைப்படையில் மேஜர் ஜெனரல் ஆனார். 1962, 1965 போர்களைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும், நல்லபடியாக அல்ல.

வெஞ்சன்ஸ் விசித்திரமான பிறவி. சாதாரண விமானத்தில் இறக்கையை உடலோடு லேசாக மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்துவார்கள். அதனால் நேர்குத்தாக விழும்போதும் இறக்கை கொஞ்சம் தூக்கப்பார்க்கும், விமானம் குறியைவிட்டு நழுவும். வெஞ்சன்ஸில் அந்தச் சாய்வே கிடையாது. 90 பாகையில், தூக்குக்குண்டு நூல் மாதிரி இறங்கும். அதற்கு விலை, சாதாரணமாகப் பறக்கும்போது வாலைத் தொங்கப்போட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் போகும். இறங்கும்போது விமானிக்கு முன்னால் எஞ்சின்தான் தெரியும், ஓடுபாதை தெரியாது. ஆரம்பத்தில் எஞ்சின் கோளாறும் ஏராளம். எண்ணெய் குடிக்கும்.

ஐரோப்பாவில் டைவ் பாம்பர் காலம் முடிந்தது என்று பிரித்தானியர் ஓரங்கட்டி, இந்தியாவுக்குத் தள்ளிய சரக்கு இது. பர்மா எல்லையில் அதுவே கைகொடுத்தது. காட்டுக்குள் மூங்கில் புதருக்கடியில் ஒரு பதுங்குகுழி, நூறு கஜம் தள்ளி நம் சிப்பாய்கள். மேலிருந்து பொழிந்தால் நம்மவர்மேலும் விழும். வெஞ்சன்ஸ் நேராக இறங்கி வைத்துவிட்டுப் போகும். 8ஆம் ஸ்குவாட்ரன் 1943 டிசம்பரில் சிட்டகாங் பக்கத்திலிருந்து அரக்கானுக்குப் பறக்கத் தொடங்கியது. 7ஆம் ஸ்குவாட்ரன் இம்பால் சண்டையின்போது சில்சார் அருகே உதர்பந்திலிருந்து. 1944 நடுவில் வெஞ்சன்ஸ்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். 8க்கு ஸ்பிட்ஃபயர் கிடைத்தது, இந்திய ஸ்குவாட்ரன்களில் முதலாவது அதுதான்.

விமான நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் இதை டாக்ஸிக்காரரிடம் சொல்லிப் பார்ப்பேன். அவர் புதுக்கோட்டை ரோடு ட்ராஃபிக்கைப் பற்றிப் பேசுவார்.

#31 சந்தேகசாமி

உறையூர்க்காரரே, இது எனக்குப் புதுத் தகவல். நன்றி. வெஞ்சன்ஸிலும் பின்னால் ஆள் உண்டா?

#32 உறையூர்க்காரன்

உண்டு. அவரே வழிகாட்டி, அவரே துப்பாக்கி. நேர்குத்து டைவில் அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 70 பாகையில் கிட்டத்தட்ட மல்லாக்க என்றால், இங்கே முழுக்க மல்லாக்க.

#33 கடற்காகம்

அட்டைக்கப்பலின் கேள்விக்குத் திரும்புகிறேன், நாம் எங்கெங்கோ போய்விட்டோம்.

மிட்வேயில் கப்பல்களை அடித்த விமானிகளுக்குக் கிடைத்தது நேவி கிராஸ். அதே விமானத்தில், அதே 35 விநாடியில், பின்னால் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிடக் கீழ்ப்படியில் உள்ள பதக்கம். முன்னால் இருப்பவர் அதிகாரி, பின்னால் இருப்பவர் சாதாரணப் படையாள். கப்பலில் சாப்பிடும் இடமும் தூங்கும் இடமும் வேறு வேறு. விமானத்துக்குள் மட்டும்தான் ஒரே உயிர். குண்டு போட்டவருக்குக் கூடுதல் மரியாதை என்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

புரூனோ கைடோ என்று ஒருவர். 1942 பிப்ரவரி 1, மார்ஷல் தீவுகள் பக்கம், அடிபட்ட ஜப்பானியக் குண்டுவிமானம் ஒன்று எண்டர்பிரைஸ்மேல் மோத வந்தது. கைடோ ஓடிப்போய், மேல்தளத்தில் நிறுத்தியிருந்த ஒரு டாண்ட்லெஸின் பின்னிருக்கையில் ஏறி, அந்தத் துப்பாக்கியாலேயே சுட்டார். மோத வந்த விமானத்தின் இறக்கை அவர் உட்கார்ந்திருந்த விமானத்தின் வாலையே வெட்டிக்கொண்டு கடலில் போய் விழுந்தது. அட்மிரல் ஹால்ஸி அங்கேயே பதவி உயர்வு கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து மிட்வே. கைடோவும் அவருடைய விமானி ஓஃப்ளாஹர்ட்டியும் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கி, ரப்பர் படகில் மிதந்தார்கள். மகிகுமோ என்ற ஜப்பானிய நாசகாரி எடுத்துக்கொண்டது. விசாரித்தார்கள். சில நாள் கழித்து, இரண்டு பேருக்கும் தண்ணீர் நிரப்பிய டப்பாக்களைக் கட்டிக் கடலில் தள்ளிவிட்டார்கள். அதிகாரி, படையாள் வித்தியாசம் அங்கே பார்க்கவில்லை.

#34 மலர்விழி_கே

இதை மகளிடம் சொல்லாதீர்கள்.

#35 அட்டைக்கப்பல்

சொல்லவில்லை. "அவர் எங்கே போறோம்னு பார்க்கமாட்டார், யார் பின்னாடி வர்றாங்கன்னு பார்ப்பார்" என்று மட்டும் சொன்னேன். "அப்போ முன்னாடி மாமாவை நம்பி உட்கார்ந்திருக்கார்" என்றாள். முன்னால் இருப்பவரும் இவரை நம்பித்தான் திரும்பிப் பார்க்காமல் போகிறார் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டாள்.

கடைசியாக ஒரு மாடல் சந்தேகம். பின்னால் துப்பாக்கியை வைக்கும் குழியும் மூடியும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். மூடி வைத்து ஒட்டுவதா, துப்பாக்கியை வெளியே எடுத்து ஒட்டுவதா?

#36 கடற்காகம்

தரையில் நிறுத்திய மாதிரி வைக்கப்போகிறீர்களா, பறக்கிற மாதிரியா?

#37 அட்டைக்கப்பல்

பறக்கிற மாதிரி. மூக்கு கீழே. ஒரு கம்பி வளைத்துத் தாங்கல் செய்திருக்கிறேன்.

#38 கடற்காகம்

அப்படியானால் வெளியே எடுங்கள். ஆளின் முகத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள்.